காலை டைமிங்கை மட்டும் வைத்து ஒரு பெண்ணை எடைபோடாதீர்கள்

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீராங்கனைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்கு 100 மீட்டரை 12.4 வினாடியில் ஓடுகிற பெண், அதே வாரம் மாலை ஐந்து மணிக்கு 12.2-ல் ஓடி முடித்தால், "காலையில் உனக்கு சோம்பல்" என்று திட்டுகிறோம். அது சோம்பல் இல்லை. விடியற்காலை நாலு, ஐந்து மணிவாக்கில் உடலின் உள்வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும், அப்புறம் மெல்ல ஏறி மாலை ஐந்து முதல் ஏழுக்குள் உச்சத்தைத் தொடும். தசை சூடாக இருந்தால் சீக்கிரம் சுருங்கி விரியும், மூட்டு இளகும். அதனால் ஸ்பிரிண்ட், தாண்டுதல், எறிதல் மாதிரி ஒரே மூச்சில் முழு பலத்தையும் போடுகிற விளையாட்டுகளில்தான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஏதென்ஸ் 2004 முதல் ரியோ 2016 வரை நான்கு ஒலிம்பிக்கின் நீச்சல் நேரங்களை, ஆண் பெண் இருவருடையதையும், ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். காலை 8 மணியோடு ஒப்பிட்டால் மாலை 5 மணியை ஒட்டி 0.37 சதவீதம் வேகம் கூடுதல். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். ரியோ 2016-ல் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் சிமோன் மானுவலும் கனடாவின் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 வினாடியில் சமமாகத் தொட்டுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் 0.37 சதவீதம் என்றால் ஏறக்குறைய 0.2 வினாடி. அவ்வளவு இடைவெளி அன்று இருந்திருந்தால் தங்கம் ஒருவருக்குத்தான்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. பெண்ணின் உடலில் தினசரிக் கடிகாரத்தின் மேல் மாதவிடாய்ச் சுழற்சி என்ற மாதக் கடிகாரமும் ஓடுகிறது. கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும், இரவில் வழக்கம்போல அவ்வளவு இறங்காது. அதாவது காலைக்கும் மாலைக்கும் உள்ள ஏற்ற இறக்கமே அடுத்த மாதவிடாய் வரையிலான அந்த இரண்டு வாரங்களில் குறைகிறது. ஆட்டத்தில் இதன் பாதிப்பு சராசரியாகப் பார்த்தால் சின்னதுதான், ஆனால் சராசரி ஓடுவதில்லை, ஒருத்திதான் ஓடுகிறாள், ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் இது நிறையவே மாறுகிறது. விளையாட்டு அறிவியல் ஆய்வுகளில் ஆண்களே அதிகம் என்பதால், அவர்களுக்கு வந்த முடிவையே பெண்களுக்கும் அப்படியே மாட்டிவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம்.

சரி, போட்டி காலையில்தான் என்றால்? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானின் சப்போரோ நகரில் பெண்கள் மாரத்தான் காலை 7 மணிக்கு என்று இருந்ததை, வெயிலுக்குப் பயந்து காலை 6 மணிக்கு மாற்றினார்கள், அதையும் முந்தின நாள் மாலைதான் அறிவித்தார்கள். சாப்பிட்டது செரிக்க மூன்று மணி நேரமாவது வேண்டும், அப்படியானால் அதிகாலை மூன்றுக்கே எழ வேண்டும்; அந்த இரவில் எவ்வளவு தூங்கியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு நேரம் முன்பே தெரியும் என்றால், போட்டிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதே மணியில் பயிற்சி செய்யுங்கள், உடல் பழகிக்கொள்ளும். எழுந்தவுடன் வெளிச்சத்தில் நில்லுங்கள், காலை வார்ம்-அப்பை நீட்டுங்கள்.

காலைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. மாதவிடாயில் ரத்தம் போவதால் இரும்புச்சத்துக் குறைபாடு நம் பெண்களிடம் அதிகம். இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற ஹெப்சிடின் என்ற ஹார்மோன் காலையில் குறைவாக இருந்து, பொழுது ஏற ஏறக் கூடும். பயிற்சி முடிந்து சில மணி நேரத்தில் இன்னும் கூடும். ஆகவே டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால், ராத்திரியில் போடுவதைவிடக் காலைப் பயிற்சி முடிந்த அரை மணிக்குள் போடுவது நல்லது, டீ காபியைத் தள்ளி வைத்துவிட்டு.

பயிற்சியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு டைமிங்கின் பக்கத்திலும் எத்தனை மணிக்கு எடுத்தது, அன்று எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று எழுதுங்கள். காலை டைமிங்கைக் காலையோடும் மாலையை மாலையோடும் ஒப்பிடுங்கள். சுழற்சியில் எத்தனையாவது நாள் என்பதை அவளே தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், அதை உங்களிடம் காட்டுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு.