வேடம் சரி, வசனம் யாருடையது?

நண்பர்களே, வணக்கம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போர் ரோயால் என்று ஓர் இடம் இருக்கிறது. 1605இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே மரத்தால் ஒரு குடியிருப்பு கட்டினார்கள். அவர்களோடு வந்த வரைபடக்காரர் ஷாம்ப்ளேன் வரைந்துவைத்த படத்தை வைத்துக்கொண்டு 1939–40இல் அதைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனால் அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் நின்று கதை சொல்வார்கள்.

ஷாம்ப்ளேன் வேடம் போட யாருக்கும் தயக்கம் வேண்டாம். அவருடைய நம்பகமான உருவப்படம் ஒன்றுகூடக் கிடையாது. பாடப்புத்தகங்களில் வந்த அந்தப் பிரபலமான முகம் வேறொருவருடையது! தாடி இருந்தால் போதும்.

என் கவலை வசனத்தைப் பற்றியது. இந்த வேடம் கட்டும் வேலையை அங்கே முதலில் தொடங்கியதே அந்தக் குடியேறிகள்தான். 1606 நவம்பர் 14 அன்று, கடற்பயணம் போன குடியிருப்புத் தலைவர் புட்ரன்கூர் திரும்பி வந்தபோது, லெஸ்கார்போ என்ற வக்கீல் தண்ணீரின்மேல் ஒரு நாடகம் போட்டார். கடல் தேவன் நெப்டியூன் படகில் வந்து வாழ்த்துகிறான். அப்புறம் நான்கு பழங்குடி வேடங்கள் வருகின்றன. ஒருவன் காட்டுமான் இறைச்சி தருகிறான், ஒருவன் பீவர் என்ற விலங்கின் தோல் தருகிறான், எல்லோரும் பிரெஞ்சு மன்னருக்குப் பணிகிறார்கள். வேடம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பேசியதும் பிரெஞ்சுக் கவிதை. அடுத்தவன் வாயில் நம் ஆசையைத் திணிப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நடந்தது வேறு. போர் ரோயாலுக்கு வருவதற்கு முன், 1604–05 குளிர்காலத்தை சென்ட் குருவா தீவில் கழித்த 79 பேரில் 35 பேர் செத்தார்கள். ஸ்கர்வி நோய். ஈறு அழுகி, பல் ஆடி, கால் வீங்கும். புது இறைச்சியும் காய்கறியும் இல்லாமல் உப்புக்கண்டத்தைத் தின்று கிடந்ததன் விளைவு. காரணம் தெரியாமல் பிணங்களை அறுத்துக்கூடப் பார்த்தார்கள். போர் ரோயாலுக்கு வந்தபின் ஷாம்ப்ளேன் ஒரு விருந்துச் சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் முன்கூட்டியே வேட்டையாடி, மீன்பிடித்து வைத்து எல்லோருக்கும் பரிமாற வேண்டும். அந்த மண்ணின் பழங்குடிகளான மிக்மாக் மக்களின் தலைவர் மெம்பெர்து அந்த மேசையில் சரிசமமாக உட்கார்ந்தார்.

1607இல் தோல் வியாபார ஏகபோக உரிமை பறிபோனதும் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். 1610இல் திரும்பி வந்தால் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. இடையில் பார்த்துக்கொண்டது மெம்பெர்துவும் அவருடைய மக்களும்.

போர் ரோயால் போகிறவர்கள், வாளோடு நிற்கும் அந்த வேடதாரியிடம் இந்த மூன்று வருடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நாடகத்தில் இல்லாத பகுதி அதுதான்.