சைக்காலஜி மாணவருக்கு மெரினா மரப்பாதை எதுக்கு?

(காட்சி: மெரினா, மணல் மேல் மரப்பாதை)

2022 நவம்பர்ல சென்னை மாநகராட்சி திறந்த பாதை இது. வீல்சேர்லயே அலைக்குப் பக்கத்துல போகலாம், 263 மீட்டர். 

பாதை வர்றதுக்கு முன்னாடி, வீல்சேர்ல இருக்கற ஒருத்தர்கிட்ட கவுன்சிலர் கேக்கறார்னு வைங்க: "வெளிய போறதைக் குறைச்சுட்டீங்களா?" "ஆமா"ன்னுதான் சொல்வார். மனச்சோர்வுன்னு ஒரு டிக் விழும். ஆனா அவரை நிறுத்தினது மனசா, மணலா? சைக்காலஜி மட்டும் படிச்சா இந்தக் கேள்வியே வராது, கூடவே மாற்றுத்திறனாளிகள் பத்தின படிப்பும் வேணும். மாற்றுத்திறனாளிகள் பத்தி ஆய்வு செஞ்ச பிரிட்டன் பேராசிரியர் மைக் ஆலிவர் 1983-ல சொன்ன 'சமூக மாதிரி' இதைத்தான் கேக்குது: உடம்புல குறை இருக்கலாம், முடக்கறது படிக்கட்டு.

(காட்சி: ஓட்டல் மேஜை, இரண்டு பேர், ஒருவர் வீல்சேரில்)

அப்போ சாய்தளம் கட்டிட்டா முடிஞ்சுதா? இல்லைங்க. "சாருக்கு காபில சர்க்கரை போடலாமா?"ன்னு சர்வர் கேக்கறார். யாரை? பக்கத்துல இருக்கறவரை! கால் நடக்காதுன்னா வாயும் பேசாதுன்னு நினைப்பு. ஒரு குறை மொத்த ஆள் மேலயும் பரவிடுது. அமெரிக்க உளவியலாளர் பியாட்ரிஸ் ரைட் 1960-லயே இதை 'பரவல்'னு எழுதினாங்க. இதையே வருஷக்கணக்கா கேட்டவர், பாதை இருந்தாலும் பீச்சுக்கு வர யோசிப்பார். இந்த இடத்துல சமூக மாதிரி மட்டும் பத்தாது, சைக்காலஜி வேணும்.

(காட்சி: சான்றிதழ் படிவம்)

ரெண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தெரிஞ்ச பெரிய காரணம் இந்தக் காகிதம், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்துல 7 வகைக் குறைபாடு. 2016 சட்டத்துல 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உள்ள வந்துச்சு. இதையெல்லாம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியாது. உளவியலாளர் உக்காந்து, பேசி, சோதிச்சுத்தான் அறிக்கை எழுதணும். குறைபாடு 40 சதவீதம் தொட்டா, அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5 சதவீத இடஒதுக்கீட்டுக்குத் தகுதி. பதட்டத்துல வாய் திறக்காத பையனை அவசரமா 'பதில் தெரியலை'ன்னு எழுதினாலும், கெட்டிக்காரியா சமாளிக்கற பொண்ணை 'நல்லாத்தான இருக்கா'ன்னு எழுதினாலும், தப்பு அந்தப் பிள்ளைங்க தலையிலதான் விடியும்.

அதனாலதான் எம்.ஏ. முடிச்ச கையோட கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும். நம்ம முட்டுக்காட்டுலயே, பல குறைபாடு சேர்ந்து உள்ளவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு. ஒரு நாள் ஈ.சி.ஆர். பஸ் ஏறிப் போய்ப் பாருங்க.

அட்மிஷனுக்குக் காலேஜ் காலேஜா அலையும்போது, சைக்காலஜி டிபார்ட்மென்ட் எந்த மாடின்னு விசாரிங்க. லிஃப்ட் ஓடுதான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க.