சூடும் எண்ணெயும் பிளாஸ்ரிக்கும்

(கிளிநொச்சி மாவட்டத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அன்புக்குரிய தாய்மாரே, சகோதரிகளே,

2009ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் முகாம்களிலிருந்து திரும்பி வந்து இந்த மண்ணில் மறுபடி அடுப்பு மூட்டியபோது, நம்மில் பலரிடம் பித்தளைக் குடமோ, அம்மம்மா வைத்திருந்த மண்சட்டியோ எஞ்சியிருக்கவில்லை. நிவாரணமாகக் கிடைத்த பிளாஸ்ரிக் வாளியையும் கோப்பையையும் கொண்டே குடும்பத்தைத் தொடங்கினோம். அவை அன்று நமக்குக் கைகொடுத்தன. அவற்றைப் பழிக்க நான் வரவில்லை. எதை அவற்றில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று சொல்லவே வந்தேன்.

நம் உடலே சுரக்கும் ஓமோன்கள் மிக நுண்ணிய அளவிலேயே உடலை ஆள்கின்றன. அதனால்தான் பிளாஸ்ரிக்கிலிருந்து உணவுக்குள் வந்து அவற்றைப் போல நடிக்கும் இரசாயனங்கள் சிறிதளவு சேர்ந்தாலும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. சிலவகைக் கடினமான பிளாஸ்ரிக்கிலும் தகரப் பேணிகளின் உட்பூச்சிலும் பயன்பட்டுவந்த பிஸ்பீனோல் ஏ என்ற இரசாயனம், பெண் ஓமோனைப் போலச் செயற்படும் என்பது 1936இலேயே ஆய்வில் தெரிந்திருந்தது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் சூப்பிப் போத்தல்களில் அதைத் தடைசெய்தது 2011இல்தான். எழுபத்தைந்து ஆண்டுகள்! பிளாஸ்ரிக்கை மென்மையாக்கவும் வாசனையை நிலைக்கவைக்கவும் சேர்க்கப்படும் தலேற்றுகள் என்ற இரசாயனங்களில் சில, கருவிலுள்ள ஆண்குட்டிகளின் ஓமோன் சுரப்பைக் குறைப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பிஸ்பீனோல் ஏயின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேர், பேணியிலும் பிளாஸ்ரிக்கிலும் அடைத்த உணவைத் தவிர்த்து மூன்று நாட்கள் புதிதாகச் சமைத்த உணவை உண்டபோது, அவர்களின் சிறுநீரில் அதன் அளவு சராசரியாக 66 வீதம் குறைந்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது.

ஆகவே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எறியச் சொல்லமாட்டேன். வாளியில் நெல் இருக்கட்டும், குளிக்கும் தண்ணீரும் இருக்கட்டும். பிளாஸ்ரிக்கிலுள்ளதை உணவுக்குள் இழுத்துவருபவை முக்கியமாகச் சூடும் எண்ணெயுந்தான். அருவிவெட்டுக் காலத்தில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றையும் மீன்குழம்பையும் பொலித்தீனில் கட்டி வயலுக்கு அனுப்புகிறோம். கடையில் தேத்தண்ணீரைக்கூடப் பையில் வாங்கிவருகிறோம். சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற் 2017இலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டது. நமது வளவில் வாழையிலை இருக்கிறது, குளத்தில் தாமரையிலை இருக்கிறது. குழம்புக்கும் தேத்தண்ணீருக்கும் எவர்சில்வர் தூக்குச்சட்டி போதும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வந்த கானை எத்தனைமுறை கழுவினாலும் அதில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கவே வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களிலிருந்தே தொடங்குங்கள். பாலைக் கண்ணாடிப் போத்தலிலோ எவர்சில்வர் கிண்ணத்திலோ ஆற்றிக் கொடுங்கள். குழந்தைக்கு வாசனைப் பவுடர் பூசாமல் விடுங்கள். அவர்கள் படுக்கும் அறையின் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள், ஏனெனில் வீட்டுத் தூசியிலும் இந்த இரசாயனங்கள் படிகின்றன, தவழும் பிள்ளையின் கை நேரே வாய்க்குத்தான் போகும்.