வீட்டு டெஸ்டில் நார்மல், லேபில் மணிக்கு 18!

வணக்கம் மக்களே! தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஏப்னியா' எனக்கு இருக்கிறதா என்று பார்க்க, வீட்டில் செய்த டெஸ்ட் நார்மல் என்று வந்த பிறகு, ஒருவழியாக லேபில் படுத்துத் தூங்கி ரிப்போர்ட்டும் வாங்கிவிட்டேன். ஆனால் முதலில் இந்த வாட்ச் மேல் இருக்கும் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். எனக்கும் இதற்கும் ஆகவே ஆகாது என்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் அடித்துப்போட்ட மாதிரி எழுந்தால், இது 'அருமையான தூக்கம்' என்கிறது! கை அசைவு, நாடித்துடிப்பு, இவ்வளவுதான் இதற்குக் கிடைக்கும். அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும்.

லேபில் செய்வது பாலிசோம்னோகிராபி. மூளை அலைக்குத் தலையில், கண் அசைவுக்குக் கண்ணோரம், தசை இறுக்கத்துக்குத் தாடையில் என்று வரிசையாக ஒட்டுகிறார்கள். மூக்கில் சின்னக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் கிளிப்.

அந்தப் பசை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்! டேப் வைத்துத் தலையை அளக்கிறார்கள், பென்சிலால் புள்ளி வைக்கிறார்கள், நறநறவென்ற ஒரு ஜெல்லால் அந்த இடத்தைத் தேய்க்கிறார்கள், அப்புறம் வெள்ளையாக ஒரு பசையை அப்பி, மேலே துணித்துண்டு வைத்து அழுத்துகிறார்கள். காலையில் நேராக ஷாம்பூ போட்டால் போகவே போகாது. முதலில் வெந்நீரில் ஊறவிட்டு, கண்டிஷனர் தடவி, விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். எனக்கு முடி நீளம் வேறு. காதுக்குப் பின்னால் ஒரு கட்டி இன்னும் போகவில்லை, இதோ பாருங்கள்.

பாத்ரூம் போவதுதான் என் பெரிய பயமாக இருந்தது. ஒயர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் போய்ச் சேருகின்றன. சுவரிலிருந்து ஒரு கேபிளை மட்டும் கழற்றி, பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். இதை யோசித்துச் செய்தவருக்குக் கோடி நன்றி!

அடடா, கால் ஒயரைச் சொல்ல விட்டுவிட்டேன். கெண்டைக்காலுக்கு முன்பக்கமும் ஒட்டுவார்கள், தூக்கத்தில் கால் உதறுகிறதா என்று பார்க்க. விளக்கை அணைத்ததும் ஸ்பீக்கரில் டெக்னீஷியன் குரல் வரும்: 'கண்ணை இடம் வலமாக அசையுங்கள், பல்லைக் கடியுங்கள், மூச்சைப் பிடியுங்கள்.' ஒவ்வொரு ஒயரும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சரி, ரிப்போர்ட். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், ரொம்பக் குறைந்து ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ ஒரு எண்ணிக்கை. அதைத் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் ஏஎச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்ற கணக்கு. 5க்குக் கீழே நார்மல், 15 வரை லேசு, 30 வரை மிதம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 18. மல்லாந்து படுத்தபோதும், கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்திலும் இன்னும் மோசம்.

இதே ஆளுக்கு வீட்டுக் கருவி நார்மல் என்று சொன்னது! காரணம் எளிது. அந்தக் கருவியில் தலை ஒயர் கிடையாது. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாமல், கருவி ஓடிய நேரம் முழுவதாலும் வகுக்கிறது. 8 மணி நேரத்தில் 32 தடை என்றால் மணிக்கு 4, நார்மல். உண்மையில் தூங்கியது 4 மணி நேரம்தான் என்றால் மணிக்கு 8! ஆக்ஸிஜன் பெரிதாக இறங்காமல் மூளையை மட்டும் எழுப்பிவிடும் தடைகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. வீட்டு டெஸ்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பலமான குறட்டை, மூச்சுத்திணறி எழுவது என்று அறிகுறி தெளிவாக இருந்தால் அதுவே பல சமயம் போதும். ஆனால் அது நார்மல் என்று வந்தும் பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்களா? விடாதீர்கள், லேப் டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

போகும்போது தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், பசை பிடிக்காது. நெயில் பாலிஷும் வேண்டாம், விரல் கிளிப்புக்கு இடைஞ்சல். அடுத்து எனக்கு சிபாப் டைட்ரேஷன், அதாவது மாஸ்க் போட்டுத் தூங்கவைத்து எந்தக் காற்றழுத்தம் சரிவரும் என்று பார்க்கும் இரவு. அதுவும் லேபில்தான், பசையோடுதான். கண்டிஷனர் வாங்கி வைத்துவிட்டேன்.