ஒரே காளை, இரண்டு சட்டம்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே (இந்த நல்ல பழக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவட்டும்), நன்றியுரைக்குக் காத்திருக்கும் நூலகர் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் எது நிற்கும்? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அதிகாரப் பட்டியல்கள், அரசமைப்பின் 254ஆவது பிரிவு, எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயங்கள் யாருக்கு என்று மூன்று செய்திகளைச் சொல்லப்போகிறேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். என் கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள் சிரிக்கிறீர்கள். சரி, இன்றைக்கும் அதேதான்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். ஒன்று ஒன்றியத்துக்கு, ஒன்று மாநிலத்துக்கு, மூன்றாவது இருவருக்கும் பொது. பொதுப்பட்டியலில் உள்ள விஷயத்தில் இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும். ஆனால் 254இன் இரண்டாம் உட்பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும். நான் சொன்ன பூசாரியின் வரம் இதுதான்.

2015 பொங்கல் சமயம், பாலமேடு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடம் ஜல்லிக்கட்டு இல்லை. காளை வளர்க்கிற பெரியவர் ஒருவர், நான் வக்கீல் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, 2009ல நம்ம சட்டசபையிலதானே சட்டம் போட்டாங்க? அப்புறம் யாரு நிறுத்துனது?"

"அய்யா, மிருகவதைத் தடுப்புக்கு டெல்லியில 1960லேயே ஒரு சட்டம் இருக்கு. நம்ம சட்டம் அதோட முட்டுதுன்னு போன வருசம் மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஜனாதிபதி ஒப்புதல் இருந்திருந்தா பேச்சு வேற."

"அப்ப ஒரு கையெழுத்துதான் பாக்கியா?"

"ஆமாங்கய்யா."

"வாடிவாசல்ல டோக்கன் இல்லாம என் காளையவே விடமாட்டான். இவ்வளவு படிச்சவங்க டோக்கன் வாங்காமலா சட்டத்த அவுத்து விட்டாங்க?"

கடையே சிரித்தது. டீக்குக் காசு கொடுக்கப்போனால், "வேணாம் சார், நீங்க பதில் சொல்லத் திணறினதே போதும்" என்றார் கடைக்காரர்.

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டது உங்களுக்குத் தெரியும். 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. பெரியவர் கேட்ட டோக்கன் வந்து சேர்ந்தது.

இனி நான் எங்கே போவேன் என்று தலைவருக்குத் தெரியும், அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கிறார். கல்வி! 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைத் தூக்கிப் பொதுப்பட்டியலில் வைத்தார்கள். 2006இல் நாம் நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் இயற்றினோம். மறு ஆண்டே ஒப்புதல் கிடைத்தது. பிறகு 2016இல் மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட் தேர்வைக் கொண்டுவந்தார்கள். ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தைக்கூட நாடாளுமன்றம் பின்னால் திருத்தலாம், நீக்கலாம் என்று அதே 254இல் ஒரு வரி இருக்கிறது பாருங்கள்!

2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினோம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். காளைக்கு ஒரு வாரத்தில் கிடைத்த கையெழுத்து, பிள்ளைகளின் படிப்புக்குக் கிடைக்கவில்லை. வரம் கேட்கும் வேலையே வேண்டாம், கல்வியை மாநிலப் பட்டியலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். மாநிலப் பட்டியலில் இருந்தால் பூசாரிக்கு அங்கே என்ன வேலை?

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். கல்வியை மீட்கும் கோரிக்கைப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் அப்பா அம்மாவிடம் எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள். நன்றி, வணக்கம்.