டெல்டாவில் இப்போது யார் கையில் என்ன புத்தகம்?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்பது கதிர் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம். வலங்கைமான் பக்கம் குறுவை அறுவடை நடக்கிறது, அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

இன்றைக்குப் புத்தகம் பற்றிப் பேசலாம். கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் இரண்டு கேள்வி கேட்டு வந்தேன். இப்போது என்ன படிக்கிறீர்கள்? முடித்ததும் அதை யாருக்குக் கொடுப்பீர்கள்? முதல் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதற்குத்தான் யோசிக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது பதில்தான் முக்கியம். ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ என்ற பட்டியலைப் பார்த்து யாரும் படிக்கத் தொடங்கி நான் பார்த்ததில்லை. ‘உனக்கு இது பிடிக்கும்டா, இந்தா’ என்று கையில் கொடுத்தால் படிக்கிறார்கள்.

பாபநாசத்தில் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படிக்கிறார். எத்தனையாவது முறை என்று அவருக்கே கணக்கில்லை. 1855இல் பிறந்த ஐயரின் சொந்த ஊரான உத்தமதானபுரம் டீச்சருக்குப் பக்கத்து ஊர். யாருக்குக் கொடுப்பீர்கள் டீச்சர் என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளுக்காம். “படிப்புக்காக ஒரு பையன் ஊர் ஊராய் அலைந்த கதை தம்பி அது” என்றார். ஆமாம், மகன் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குடும்பமே அரியலூர், குன்னம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறார்.

புத்தகத்தின் தடிமனைப் பார்த்து மலைக்காதீர்கள். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது, 1942இல் ஐயர் காலமானதும் முடியாமலே நின்றது. தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். இரவு படுக்கும் முன் ஒன்று படித்தால் போதும். முதலிலிருந்து படிக்கப் பொறுமை இல்லை என்றால் 1880ஆம் ஆண்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள், தப்பில்லை.

அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐயர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சரி, இதற்கெல்லாம் முந்தைய நூல்கள் ஏதாவது படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். படித்ததில்லை. முதலியார் அதோடு விடவில்லை. தம்மிடம் இருந்த காகிதப் பிரதியையே ஐயரிடம் கொடுத்துவிடுகிறார். படிக்கப் படிக்க ஐயருக்குப் புரியாத இடங்கள் வருகின்றன. சிந்தாமணி சமணக் காப்பியம் என்பதால், அதே கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஒவ்வொன்றாக வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இன்னொருவரிடம் ‘இதைப் படித்திருக்கிறீர்களா’ என்று கேட்டு, கையோடு புத்தகத்தையும் கொடுத்ததில் இவ்வளவு நடந்திருக்கிறது. நான் உங்களைக் கேட்பதும் அதே வேலைதான்.

அடுத்தவர், ஆற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் அண்ணன் ஒருவர். வெண்ணாற்றுப் பக்கம் வேலை. அவர் கையில் ‘நடந்தாய் வாழி காவேரி’. சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதியது, தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போகிற பயண நூல், 1971இல் வந்தது. “ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களா, எத்தனை கன அடி வரும், இதுதான் நமக்கு ஆறு. மேலே அது எப்படி வருதுன்னு இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுது” என்றார். முறைத் தண்ணீருக்காகத் தன்னிடம் சண்டைக்கு வருகிற விவசாயிகளுக்கு இதைக் கொடுப்பாராம். சண்டை குறையுமா தெரியாது, ஆனால் சரியான ஆளுக்குத்தான் கொடுக்கிறார். ஜானகிராமனின் நாவல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இந்தப் புத்தகத்துக்கு அதில் பாதிப் பேச்சு கூட இல்லை. எனக்கு அது வருத்தம்.

பொன்னியின் செல்வன் சொன்னவர்கள்தான் அதிகம். படம் வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. அதற்கு என் சிபாரிசு தேவையில்லை.

திருவாரூரில் கல்லூரி மாணவி ஒருவர் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ படிக்கிறார். கீழ்வெண்மணி பற்றிய நாவல். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதே நிகழ்ச்சியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது, அதனால் பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். அதில் டெல்லியிலிருந்து வந்தவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள். செந்நெல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. பேச்சும் நம் கீழத்தஞ்சைப் பேச்சு. இரண்டையும் படியுங்கள், ஆனால் செந்நெல்லில் ஆரம்பியுங்கள் என்பேன். யாருக்குக் கொடுப்பாய் என்று அந்தத் தங்கையைக் கேட்டேன். “எங்க அப்பாவுக்கு” என்றார். அப்பா நாவலே படித்ததில்லையாம். “நானே உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுவேன் அண்ணா.” அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்கிறோமே, எஸ்.ஆர்.ரங்கநாதன், அவர் சீர்காழிக்காரர். 1892இல் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலக விதிகளை எழுதி 1931இல் புத்தகமாக்கினார். அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கினார். ரங்கநாதனே வந்து தொடங்கிவைத்தார். நூலகம் இல்லாத கிராமத்துக்கு நூலகமே வண்டி கட்டிப் போயிருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதைச் சொல்லித்தர வேண்டாமா?

இப்போது வண்டி வராது. உங்கள் ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் போய் உறுப்பினர் ஆகுங்கள். ஆள் வந்து கேட்டால்தான் அலமாரியில் இருப்பது வெளியே வரும். கல்கி எழுத்து நாட்டுடைமை, உ.வே.சா. எழுத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்தது, அதனால் இருவருடையதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மற்றதைக் காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது இரவல் வாங்கித் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பது முக்கியம். புத்தகம் திரும்பி வராததால் இரவல் தருவதையே நிறுத்திவிட்ட நல்ல வாசகர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

நான் படித்து முடித்தது எம்.வி.வெங்கட்ராமின் ‘வேள்வித்தீ’. கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்க்கை. அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்தவர் எழுதியது என்பது படிக்கும்போதே தெரிகிறது. என்னிடம் கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது. கும்பகோணம், அய்யம்பேட்டை பக்கம் தறி வீட்டில் வளர்ந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். படித்துவிட்டு அடுத்து யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.