வாய்க்கு ஒரு வழி கேட்கிறோம்

(டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தருமபுரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, பந்தலுக்கும் மைக்குக்கும் பணம் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லாதே என்று எனக்குக் கட்டளையும் போட்டிருக்கும் மாங்கூழ் ஆலை முதலாளி அவர்களே, பெண்ணாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பந்தியில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச உதவும் கருவிகள் என்னென்ன இருக்கின்றன, சட்டம் என்ன சொல்கிறது, நம் மாவட்டத்துக்கு என்ன வேண்டும்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதையே சொல்கிறான் என்று நண்பர்கள் கேலி பேசுகிறார்கள். சொல்வேன். ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிவிட்டு, அவள் பேச்சை நம்பி அதியமான் இருந்த தகடூர் இது. இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளை எப்படிப் பிழைப்பது?

இண்டூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். மூளை முடக்குவாதம். புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாக்கும் உதடும்தான் சொன்ன பேச்சுக் கேட்காது. அவனுக்குச் சின்னதாக ஒரு கருவி கிடைத்தது. எட்டுப் பட்டன். எதை அழுத்தினாலும் அதில் பதிந்து வைத்த குரல் கேட்கும். பதிவதற்கு வீட்டில் எல்லோருக்கும் கூச்சம். கூச்சப்படாதவர் அத்தை ஒருவர்தான். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் கொல்லையில் கேட்கும். தண்ணி வேணும், வயிறு வலிக்குது, சும்மா இரு, எல்லாவற்றையும் அதே சத்தத்தில் பதிந்து கொடுத்தார்.

ஒருநாள் அண்ணனோடு ரேஷன் கடைக்குப் போனான். நல்ல வரிசை. பாமாயில் ஸ்டாக் இல்லை என்று வந்தவர்களையெல்லாம் கடைக்காரர் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். பையன் பட்டனை அழுத்தினான். "ஏங்கண்ணா, பாமாயில் வந்துடுச்சா?" அத்தை குரல்! கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். "யாரும்மா அது? முன்னாடி வா." முன்னால் நிற்பது அரும்புமீசைப் பையன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்துகிறான், "ஏங்கண்ணா, பாமாயில் வந்துடுச்சா?" வரிசை சிரிக்கிறது. மூன்றாவது முறை அழுத்தும்போது மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருப்பது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது! (கைதட்டல்) வரிசையில் நின்ற ஒரு பாட்டி சொன்னாள்: "இத்தனை பேரு வாய வச்சிக்கிட்டுச் சும்மா நின்னோம், இந்தப் பையன்தான்டி கேட்டான்." வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அன்றைக்கு அந்த வரிசையில் வாயுள்ள பிள்ளை அவன் ஒருவன்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மீசை அரும்பும் பையனுக்கு அத்தை குரல் எதற்கு? அவன் வயதுப் பையன் ஒருவனைப் பேசவைத்துப் பதிந்திருக்க வேண்டும். இதை எடுத்துச் சொல்ல ஒரு பேச்சுப் பயிற்சியாளர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

கருவி என்றதும் லட்ச ரூபாய் என்று பயப்படாதீர்கள். 1985-இல் குரலை இழந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு முதலில் கைகொடுத்தது ஓர் எழுத்து அட்டைதான். எதிரில் இருப்பவர் சரியான எழுத்தைத் தொட்டுக் காட்டும்போது இவர் புருவத்தை உயர்த்துவார். கம்ப்யூட்டர் குரல் அதற்குப் பிறகுதான். நம் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி, படத்தைத் தொட்டால் இன்று டேப்லெட்டில் தமிழ் பேசுகிறது. படம் காட்டிப் பழக்கினால் வர வேண்டிய பேச்சும் வராமல் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் முறைகளைத் தகவல் தொடர்பு என்றே அது ஏற்கிறது. மீதியை அலுவலர் ஐயா விளக்குவார். அவர் இருக்கும்போது நான் சட்டம் பேசுவது அழகில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பெண்ணாகரத்தில் ஒரு கருவி நூலகம். புத்தகம் மாதிரி கருவியை எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். கருவியை இயக்க ஒரு பிள்ளைக்குக் கைவிரல் ஒத்துவரும், இன்னொன்றுக்குத் தலையசைப்பு, வேறொன்றுக்குக் கண் பார்வை. பழகிப் பார்க்காமல் எது சரி என்று யாரால் சொல்ல முடியும்? அதோடு வாரம் இரண்டு நாள் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். வாங்கி வரும் படத்தொகுப்பில் பிட்சா இருக்கும், களி இருக்காது. களியும் வேண்டும், 'களி வேண்டாம்' என்பதும் வேண்டும். கூடவே அந்த வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயரும் ஏற வேண்டும். பயிற்சியாளர் இல்லாமல் கருவியை மட்டும் கொடுப்பது, மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் கரண்ட் கொடுக்காத கதை. இரண்டே வாரத்தில் பீரோ மேல் ஏறிவிடும்.

சேலத்துக்குப் போ, பெங்களூருக்குப் போ என்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறுகிற தாய்க்கு அன்றைய கூலியும் போகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. வாயை வாங்கிக் கொடுக்கவே வழியில்லையென்றால்?

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், நேரமாகிவிட்டதாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். வாசலில் நோட்டு இருக்கிறது, மை டப்பாவும் இருக்கிறது. வண்டி வசதி இல்லாதவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும் முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.